ஒரு கல்லும் கண்ணில் படக்கூடாது

முப்பத்தொரு வருடம் ஊராட்சிச் செயலராக இருந்தவனுக்கு இரண்டு காரியங்கள் நன்றாக வரும். ஒன்று, மனு எழுதுவது. இன்னொன்று, பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ஊரைத் தயார் செய்வது. முதல் காரியத்தை வைத்துச் செங்கரட்டைக் காப்பாற்றப் பார்த்தேன். இரண்டாவது காரியத்தால் அதைக் கெடுத்தேன். என் பெயர் பொன்னுத்துரை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

குஜிலியம்பாறையிலிருந்து எங்கள் வெள்ளப்பாறைப்பட்டிக்கு வரும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் செங்கரடு தெரியும். நூற்றெண்பது ஏக்கர். சிவப்பு மண், சரளைக் கல், கள்ளி, உடைமரம், சூரைமுள், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். வருடத்தில் ஒன்பது மாதம் இந்தக் கோலம்தான். வருவாய்த் துறைக் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. ஊரில் யாரைக் கேட்டாலும், "அது ஒண்ணுமில்லாத காடுல்ல" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முத்துப்பேச்சி மட்டும் அப்படிச் சொல்லமாட்டாள். அவளுக்கு நாற்பது வெள்ளாடுகள். திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பி வராத நாளிலிருந்து அந்த ஆடுகள்தான் அவளுக்கும் அவள் மகளுக்கும் சோறு போட்டன. அந்த ஆடுகளுக்குச் சோறு போட்டது செங்கரடு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த குச்சி ஒன்றைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, கரடு பூராம் இந்தக் குச்சிய நட்டுருக்காய்ங்க. என்னான்னு கேட்டா சோலாராம். நூத்தியெம்பது ஏக்கருக்கும் கம்பி வேலி போடப் போறாய்ங்களாம். இந்த நாப்பது உருப்படியவும் ஓட்டிக்கிட்டு நான் எங்குட்டுப் போவேன்?"

"குச்சிய எதுக்கு பிடுங்குன? கேஸு போட்டுருவாய்ங்க."

"பிடுங்கல. எங்காடு முட்டி விழுந்துருச்சு. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க."

ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் குளித்துச் சாப்பிட்டு மறுபடி படுப்பதுதான் வேலை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுத ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு பேரும் பஸ் ஏறித் திண்டுக்கல் போனோம். கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, மேற்படி நிலம் அரசுத் தரிசு, தனிநபருக்கு மேய்ச்சல் உரிமை கோர இயலாது என்று பதில் வந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பதில் எழுதியிருப்பேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும், நியாஸ் வராமல் இருந்திருந்தால். திண்டுக்கல்லில் அவன் அத்தாவுக்குப் பிரியாணிக் கடை. வாரம் பூராவும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, கடைக்கு விடுமுறையான நாளில் பைக்கில் ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பான். முழங்கை நீளக் கேமராவோடு அவன் செங்கரட்டில் குப்புறப் படுத்திருந்ததைப் பார்த்த முத்துப்பேச்சி, கம்பெனி ஆள் என்று நினைத்துக் கல்லை எடுத்துவிட்டாள். பயல் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, குருவி பாக்க வந்தேங்க்கா" என்றிருக்கிறான். குருவிதானே, வா என்று கூட்டிப்போய் அவன் காலடியிலேயே காட்டினாள். வெறும் தரையில் சரளைக் கல்லோடு கல்லாக மூன்று முட்டைகள். கல்கவுதாரி. அவன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டானாம்.

அதற்குப் பிறகு அவன் ஒரு வாரம் கூடத் தவறவில்லை. அவள் காட்டுவாள், அவன் படம் எடுப்பான். கூடு என்று ஒன்று கட்டாமல் தரையிலேயே முட்டை வைக்கிற பறவைகள் அங்கே எத்தனை வகை என்று பட்டியல் போட்டான். மழைக்கு வெளியே வரும் கட்டாமை என்கிற நட்சத்திர ஆமை, உடைமரத்துக் கிளையில் தேவாங்கு, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து புல்லுக்குள் ராத்தங்கும் பூனைப்பருந்து எல்லாம் அதில் இருந்தன. ஆடு மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருப்பதால்தான் சில பறவைகள் அங்கே முட்டை வைக்கின்றன என்று அவன் சொன்னபோது முத்துப்பேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'கேட்டுக்கோ' என்பது போல இருந்தது.

"சார், அரிட்டாபட்டியப் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சிருக்காங்கள்ல? அதே மாதிரி இதையும் கேக்கலாம். ஊரே சேந்து கேக்கணும். அப்படி அறிவிச்சிட்டா ஒரு பயலும் வேலி போட முடியாது, அக்காவோட ஆடும் மேயலாம்" என்றான் நியாஸ்.

ஊர் சேருவது அவ்வளவு லேசா? முதல் கிராம சபையில், "சோலார் வந்தா வாச்மேன் வேலையாச்சும் கெடைக்கும், குருவி என்ன சம்பளமா குடுக்கும்?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் தோற்றது. முத்துப்பேச்சி சளைக்கவில்லை. ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழைத்தண்ணீர் கண்மாய்க்கு எப்படி வரும் என்று கேட்டாள். யார் வீட்டு ஆடு எங்கே மேய்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டாள். ஒரு வருடம் கழித்து, அக்டோபர் இரண்டாம் தேதி, தீர்மானம் நிறைவேறியது. நானூற்றுச் சொச்சம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம். நான் அடுத்தடுத்து ஆறு மனு எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை இவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனுவில் நான், 'பசுமை எழில் கொஞ்சும் செங்கரடு' என்று எழுதியிருந்தேன். நியாஸ் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பசுமைன்னு போடாதீங்க சார். அது இப்படி காஞ்சு, முள்ளும் கல்லுமா கெடக்கிறதுதான் சார் விசேஷமே."

சரி என்று பேனாவால் அடித்தேன். மனுவில் அடித்தேனே தவிர மனசில் அடிக்கவில்லை. முள்ளும் கல்லும் கிடக்கிற இடத்தை எந்த அதிகாரி பாதுகாப்பான் என்று எனக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு முன் வீட்டைக் கூட்டிப் பெருக்கவேண்டாமா என்பது போல.

போன பங்குனியில் போன் வந்தது. சென்னையிலிருந்து கௌசல்யா மேடம், எங்கள் மனுவை விசாரிக்கும் ஆய்வுக் குழுவின் தலைவி. வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு என்றும் சொன்னார். கடைசியில், "எந்த ஏற்பாடும் வேணாம் சார். இடம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் முதல் தடவை கேட்டது தொண்ணூற்றெட்டில். ஓர் உயரதிகாரி ஊராட்சிக்கு ஆய்வுக்கு வருவதாக இருந்தது. "எந்த ஏற்பாடும் வேண்டாம்" என்று அவருடைய ஆபீசிலிருந்தே சொன்னார்கள். நானும் சின்ன வயசு, நம்பிவிட்டேன். வந்தவர் உட்கார நல்ல நாற்காலி இல்லை, வழியெல்லாம் குப்பை, குடிக்க ஒரு இளநீர் இல்லை. மறுநாள் காலையில் எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதி எழுதி ஓர் இன்கிரிமெண்டே போனது. அதற்குப் பிறகு எந்த அதிகாரி, "ஒண்ணும் வேணாம்" என்றாலும் எனக்கு அர்த்தம் விளங்கிவிடும். விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைத்தால் நாம் பரிமாறாமல் விட்டுவிடுகிறோமா என்ன? இருபத்தைந்து வருடம் இந்தக் கணிப்பு ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

நியாஸுக்குத் தேதியைச் சொன்னேன். "மேடத்தோட வண்டியிலயே நானும் வந்துர்றேன் சார்" என்றான். ஏற்பாட்டைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு அசத்தலாம் என்று நினைத்தேன். முத்துப்பேச்சி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவ வலி என்று திங்கட்கிழமையே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை தண்டோரா போட்ட மாதிரி ஊர் கூடியது. அந்த இரண்டு நாளும் நான் மறுபடி செயலர்தான். சோலார் வேண்டும் என்று கத்தியவர்கள் கூட மண்வெட்டியோடு வந்தார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் ஒரே காரியத்துக்கு அப்படிச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. மூன்று ஜேசிபி வந்தது. அதில் ஒன்றை ஓட்டியவன் பிராங்கிளின், பக்கத்து ஊர்ப் பையன்தான், நல்ல வேலைக்காரன்.

"எம்புட்டுத் தூரம் சார் எடுக்கணும்?" என்று கேட்டான்.

"மேட்டுச் சமவெளி பூராம் எடு. மேடம் கார் கடைசி வரைக்கும் போகணும். ஒரு முள்ளு, ஒரு கல்லு கண்ணுல படக்கூடாது பாத்துக்க."

"படாது சார்."

சொன்னபடி செய்தான். கள்ளியை வேரோடு புரட்டினான். உடைமரத்தை ஒதுக்கினான். சரளைக் கல்லை வழித்து ஓரமாகக் குவித்தான். இரண்டு நாளில் மேட்டுச் சமவெளி முழுக்கக் கபடி மைதானம் மாதிரி ஆனது. வண்டியைச் சுற்றி ஆட்காட்டிக் குருவிகள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தின. வந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறது என்று யாரோ சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

புதன்கிழமை மத்தியானம், வெட்டிக் குவித்த முள்ளுக்குத் தீ வைத்தோம். பங்குனிக் காற்று. கண் மூடித் திறப்பதற்குள் தீ தெற்குச் சரிவில் இறங்கியது. தண்ணீர் லாரி வருவதற்குள், பருந்துகள் தங்கும் புல்வெளி கண்மாய்க்கரை வரைக்கும் கருகிப்போனது. கொஞ்சம் பதறினேன். பிறகு, கரியை மூட ஐம்பது வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் வரவழைத்து வரிசையாக நட்டோம். பாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் தூவினோம். சாமியானா, நாற்காலி, இளநீர், சால்வை, 'வருக வருக' என்று பிளக்ஸ். எல்லாம் முடித்துவிட்டு நின்று பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் இறங்கியது நியாஸ். இறங்கினவன் ஜீப் கதவைப் பிடித்தபடியே நின்றான். மேடு, சரிவு, கன்றுகள், வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு ரோட்டோரத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சால்வையை வாங்கவில்லை. கல்குவியல் பக்கம் போய்க் குனிந்து எதையோ விரலால் தொட்டுப் பார்த்தார். உடைந்த முட்டை ஓடு.

"ஒண்ணும் செய்ய வேணாம்னு நான் சொன்னேன்ல சார்?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம்?"

தொண்ணூற்றெட்டையும் மெமோவையும் அவரிடம் எப்படிச் சொல்வது? நான் இளநீரை நீட்டியபடியே நின்றேன்.

"நான் திட்ட வரல. மூணு வருஷம் நீங்க போராடினதெல்லாம் ஃபைல்ல படிச்சேன். ஆனா பாதுகாக்க இங்க என்ன இருக்குன்னு நான் எழுதுறது?" அவர் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தம் போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், பழக்கம்தானே.

நியாஸ் திரும்பும்போது என்னைத் தாண்டித்தான் ஜீப்பில் ஏறினான். "போய்ட்டு வாரேன் சார்" என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை. அதற்குப் பிறகு நான் பண்ணிய போனை அவன் எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துப்பேச்சி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக் கூடப் போகாமல் கரட்டுக்குப் போயிருக்கிறாள். என் வாசலில் நின்றபோது சேலைக் கரையெல்லாம் கரி.

"எம்மகளுக்குப் பொம்பளப்புள்ள பொறந்துருக்குண்ணே. இன்னும் பேரு கூட வைக்கல. அதுக்குள்ள நீங்க கரட்டுக்கு முடி எறக்கிட்டீங்களே."

"அவுக மதிப்பா நெனைக்கணும்னுதான் தாயி…"

"எனக்கு ஒரு போனு போட்டுருக்கலாம்லண்ணே. ஒரே ஒரு போனு. அந்த வண்டிக்கு முன்னால படுத்துருப்பேன்ல." அவள் அழவில்லை. சேலையில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டாள். பிறகு, "ஆடு பசியோட கெடக்கும், போறேன்" என்று போய்விட்டாள். அவளிடம் கேட்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? முப்பத்தொரு வருடத்தில் ஆய்வுக்கு முன்னால் எந்த ஆடு மேய்க்கிறவளிடமும் நான் எதையும் கேட்டதில்லை. அதுதான் காரணம், வேறில்லை.

ஏழாவது மனு எழுதினேன். நடந்தது அத்தனையும் என் தவறு, ஊருக்குச் சம்பந்தமில்லை, மழை பெய்தால் புல் திரும்ப வரும், இரண்டு வருடம் அவகாசம் கொடுத்து மறுபடி பார்க்கவேண்டும் என்று கெஞ்சி எழுதினேன். மேற்படி இடத்தின் இயற்கைத் தன்மை மாற்றமடைந்துவிட்டதால் கோரிக்கை ஏற்பதற்கில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது என்று நாலு வரியில் பதில் வந்தது. கம்பெனிக்குக் குத்தகை உத்தரவு அதற்கு அடுத்த மாதமே வந்தது. அதோடு இணைத்திருந்த அவர்களுடைய புது விண்ணப்பத்தில் செங்கரட்டின் போட்டோ ஒட்டியிருந்தது. சமதளம், செடிகொடி எதுவும் இல்லை என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஓரத்தில் எங்கள் சாமியானாக் கம்பு ஒன்று தெரிந்தது.

வேப்பங்கன்றுகள் தண்ணீரில்லாமல் சித்திரைக்குள் காய்ந்துவிட்டன. முத்துப்பேச்சி ஆடுகளை ஐந்தும் பத்துமாக அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டினாள். மூன்று வாரத்தில் பட்டி காலி. இரண்டு கிழட்டு ஆடுகளை மட்டும் விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டாள்.

ஆனி மாதம் ஒரு நாள், மத்தியானம் போல வந்து கூப்பிட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என் வாசலுக்கு வந்தது அன்றுதான்.

"செத்த நேரம் வாங்கண்ணே."

செங்கரட்டில் கம்பெனி வேலையை ஆரம்பித்திருந்தது. கம்பி வேலி மூன்று பக்கம் முடிந்து, நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. அதன் வழியாக என்னைக் கூட்டிப்போனாள். மேட்டின் நடுவில், முன்பு சாமியானா போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலக் குழி. அதில் நாலு முட்டைகள். சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டு, அசல் சரளைக் கல் மாதிரி. ஆட்காட்டிக் குருவி எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது.

எல்லாம் போன பிறகும் இது மறுபடி வந்து இங்கேயே வைத்திருக்கிறது. மூன்று வருடம் இதற்காக மனு எழுதியவன், அன்றுதான் என் கண்ணால் முதன்முதலாக ஒரு முழு முட்டையைப் பார்க்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முத்துப்பேச்சி அதைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தூரத்திலிருந்து ஜேசிபி வந்தது. ஓட்டியவன் பிராங்கிளின். கம்பெனி அவனையே அமர்த்தியிருந்தது. நான் கையைத் தூக்கி மறித்தேன். அவன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான்.

"தம்பி, இந்தப் பக்கம் வராத. முட்டை இருக்கு."

"எங்க சார்?"

காட்டினேன். அவனுக்குத் தெரியவில்லை. குனிந்து மறுபடி விரலால் காட்டினேன். பிறகுதான் தெரிந்தது அவனுக்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான்.

"இது கல்லு மாதிரியேல்ல சார் இருக்கு."

"ஆமா."

"அன்னைக்கு நீங்க ஒரு கல்லு கூடக் கண்ணுல படக்கூடாதுன்னீங்களே… ரெண்டு நாளு வழிச்சுக் கொட்டுனேன் சார். அதுல எம்புட்டு இருந்துச்சோ."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது, அதனால் கேட்டான்.

"மேஸ்திரி இன்னைக்கு இந்தப் பக்கம் முடிக்கச் சொல்லியிருக்காரு சார். சாயங்காலம் வரைக்கும் நான் அங்குட்டு ஓட்டுறேன். அதுக்கு மேல எங்கையில ஒண்ணுமில்ல. யாருகிட்டயாச்சும் சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முத்துப்பேச்சி என் சட்டைப் பையைப் பார்த்தாள். பேனா இருந்தது. பழக்கதோஷம், வெள்ளைத்தாளும் மடித்து வைத்திருந்தேன். கீழே உட்கார்ந்து முழங்காலில் தாளை விரித்தேன். அனுப்புநர் என்று எழுதி என் பெயரையும் அவள் பெயரையும் எழுதினேன். பெறுநர் என்று எழுதினேன். கலெக்டருக்கு எழுதியாயிற்று. சென்னைக்கு எழுதியாயிற்று. கம்பெனிக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? பேனா அந்த வார்த்தைக்குக் கீழே நின்றுவிட்டது.

குருவி கத்திக்கொண்டே இருந்தது. இப்போது அது எங்களைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று எனக்குத் தெரியும்.

"எழுதுங்கண்ணே," என்றாள் முத்துப்பேச்சி, "பொழுது எறங்குது."